அதிகமாக விழுந்த எட்டு

பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்கக்கா. நீங்க மொதல்ல உக்காருங்க. நீங்க நிக்கறதப் பாத்தா எனக்குப் படபடன்னு வருது. என்னையத் தெரியுதுங்களா? பத்திரம் எழுதற ராக்கியப்ப ரைட்டருகிட்ட டைப் அடிக்கறவ, தவமணி. போன மாசம் பூமி கெரயம் பண்ணுனீங்கல்ல, அந்தப் பத்திரத்த அடிச்சது நாந்தான். அன்னிக்கு நீங்க எம்பக்கத்துல உக்காந்துட்டு, "இந்தப் புள்ள அடிக்கறது மழ பேயறாப்பல இருக்குது"ன்னு சொன்னீங்க. அது எனக்கு மனசுலயே நின்னுக்கிச்சுங்க.

தண்ணி போதுங்க. ரெண்டு கையில வாங்கறது மரியாதைக்குத்தான், வேறொண்ணுமில்ல.

விசயத்தச் சொல்லீர்றன். உங்க பத்திரத்துல ஒரு நம்பரு தப்பா விழுந்துருச்சு. சர்வே நம்பரு. நீங்க வாங்குன பூமி அம்பத்தெட்டு. பத்திரத்துல ஐநூத்தி எம்பத்தெட்டுன்னு இருக்குது. ஒரு எட்டு சேந்து விழுந்துருச்சுங்க, அவ்வளவுதான். ஆனா அந்த ஐநூத்தி எம்பத்தெட்டு, உங்க ஊருலயே வடக்கால யாரோ ஒருத்தரோட தென்னந்தோப்பு. காயிதப்படி பாத்தா நீங்க வாங்குன பூமி இன்னும் வித்தவரு பேருலதான் இருக்குது. உங்குளுக்கு இருக்கறது அடுத்தவன் தோப்பு மேல எழுதுன காயிதம்.

இருங்க இருங்க. போன வையுங்கக்கா. உங்க காலுல வேணா விழுகறன், ரைட்டருக்கு மட்டும் போன் போட்டுராதீங்க. அவருக்கு இது தெரியாது. தெரிஞ்சா, பத்தொம்பது வருசமா நான் உக்காந்திருக்கற நாற்காலி நாளைக்கு எனக்கில்ல. பிழைத்திருத்தல் பத்திரம்னு ஒண்ணு போட்டா எல்லாம் சரியாயிரும். கையோட அடிச்சுக் கொண்டாந்திருக்கறன். வித்தவரு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாரு, வாசிச்சுக்கூடப் பாக்கல, நல்ல மனுசன். நீங்களும் போட்டுட்டீங்கன்னா நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நானே கூட்டீட்டுப் போயி முடிச்சர்றன். ரைட்டரு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு, புதங்கெழமதான் வருவாரு.

எப்பிடி ஆச்சுன்னு கேக்கறீங்க. கேக்கோணுமில்ல. உங்க பூமி. சொல்றன்.

தப்பு என்ற கீபோர்டு மேலதானுங்க. பெத்த புள்ளைய நானே குத்தம் சொல்ற மாதிரி இருக்குது, ஆனா சொல்லித்தான் ஆகோணும். அத நானே செஞ்சேன். கடையில வாங்குனதில்ல. கம்ப்யூட்டர்ல எழுத்தமுக்கற பலகை இருக்குதுல்ல, அத நடுவால அறுத்து ரெண்டாக்குனா எப்பிடி இருக்கும், அப்பிடி. எடது கைக்கு ஒரு பாதி, வலது கைக்கு ஒரு பாதி. தோளகலத்துக்குத் தள்ளித் தள்ளி வெச்சுக்கலாம். நடுவால பாட்டுக் கேக்கற ஒயராட்டம் ஒண்ணு ரெண்டையும் இணைக்கும்.

கை வலின்னு செஞ்சதில்லீங்க. ஒரு சௌகரியத்துக்கு. கொஞ்ச நாளா மணிக்கட்டுல வாயு புடிச்ச மாதிரி இருந்துச்சு. காலையில எந்திரிச்சா வெரலு மரத்துக் கெடக்கும், ஒருக்கா ஒதறுனாச் சரியாப் போயிரும். யாருக்குத்தான் இல்ல? எங்க எதுத்த ஆபீசுல ஒரு புள்ள இப்பிடித்தான் கை மரத்துப் போவுதுன்னு டாக்டர்கிட்டப் போனா. அவரு மூணு மாசம் கைக்கு ரெஸ்ட் குடுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. மூணு மாசங்கழிச்சு வந்து பாத்தா அவ சீட்டுல வேறொருத்தி பூ வெச்சுட்டு உக்காந்திருக்கறா. அன்னீலிருந்து நான் ஆசுபத்திரி இருக்கற வீதியிலயே போறதில்லீங்க. பயமெல்லாம் இல்ல. எதுக்கு வெட்டியா.

எங்க ஆபீசுலயும் ஒருத்தி வந்திருக்கறா, எட்டு மாசமாச்சு. சுகந்தின்னு பேரு. வாய் தொறந்தா அக்கா அக்காதான். "அக்கா அந்தப் பெரிய பத்திரத்த நான் அடிக்கறன், குடுங்க." "அக்கா பைல நான் தூக்கறன்." "அக்கா பின் அடிக்கறது கஷ்டமா இருந்தா எங்கிட்டக் குடுங்க." எனக்குத் தெரியாதுங்களா? ஒவ்வொரு வேலையாப் புடுங்கிட்டா கடசீல நாற்காலிதான மிச்சம். வந்த புதுசுல அவ என்ன சொன்னான்னு நெனைக்கறீங்க? அப்ப நான் கீபோர்டு செய்யவே ஆரம்பிக்கல. பழைய கம்பெனிக் கீபோர்டுலதான் அடிச்சுட்டு இருந்தேன். வந்து பக்கத்துல நின்னு, "அக்கா, இங்க ஒரு பூஜ்யம் சேந்து விழுந்திருக்குது, பாருங்க"ன்னா. எனக்கு வந்த கோவம்! அப்பறம் ஒரு நாளு அவளே அவ கீபோர்டு சரியில்லைன்னு ரைட்டருகிட்டச் சொல்லிப் புதுசு வாங்கிக்கிட்டா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்.

அப்பத்தான் போனுல ஒரு வீடியோ பாத்தேன். யாரோ வெளிநாட்டுக்காரன், ரெண்டு பாதியா வெச்சு அடிக்கறான். கையி வளையாம நேரா இருந்தா எத்தன மணி நேரம் வேணாலும் அடிக்கலாங்கறான். வாங்கறதுன்னா நமக்குக் கட்டாது. செய்யறதுன்னா சாமானம் எல்லாம் தபால்ல வருது. எங்கூட்டுக்காரரு மோட்டாருக்குக் காயில் கட்டறவருங்க. பத்த வெக்கற கோலு, ஈயம், எல்லாம் ஊட்டுலயே கெடக்குது. பொறவென்ன? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மத்தியானச் சோறு முடிஞ்சதும் உக்காந்துக்குவேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, எல்லாத் தப்பும் பண்ணுனேன். ஒவ்வொரு பட்டனுக்கும் டயோடுன்னு அரிசி மணியாட்டம் ஒண்ணு வெக்கோணும். அதுல ஒரு பக்கம் கறுப்புக் கோடு இருக்கும், அத்தனையும் ஒரே பக்கம் பாத்து இருக்கோணும். நான் பதினொண்ணத் திருப்பி வெச்சுட்டேன். ஒயரு வாங்க வேண்டாம்னு எங்கூட்டுக்காரரு மோட்டாருக்குச் சுத்தற செம்புக் கம்பியவே எடுத்து இழுத்தேன். பத்த வெச்சா பளபளன்னு அழகா இருக்குது, ஒரு எழுத்துக்கூட விழுக மாட்டீங்குது. ரெண்டு வாரம் மண்டையப் பிச்சுக்கிட்டேன். அவரு வந்து பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கறாரு. அந்தக் கம்பி மேல வார்னீஷ் இருக்குமாமா, சொரண்டாம பத்த வெச்சா கரண்டு போகாதாமா. மோட்டார்க்காரன் பொண்டாட்டிக்கு அது தெரியலையேன்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டாரு.

பாதிக்கு ஒண்ணா ரெண்டு போர்டு. ரெண்டு வெரலகலம்தான் இருக்கும், அதுதான் மூளை. எந்தப் பட்டன அமுக்குனா எந்த எழுத்து விழுகோணும்னு அதுக்குள்ள நாமதான் எழுதி ஏத்தோணும். ஏத்தும்போது அதுல ரெண்டு முனைய ஒருக்காச் சேத்துப் புடிக்கோணும், நான் கொண்டை ஊசிய வெச்சுத்தான் சேத்துவேன். ஒரு தடவ கரண்டு இருக்கும்போதே நடுவால இருக்கற ஒயரப் புடுங்கிட்டேன். புடுங்கக் கூடாது, எல்லா வீடியோலயும் தலையில அடிச்சுச் சொல்றாங்க. ஒரு போர்டு செத்துப் போச்சு. வலது கைப் போர்டு. எனக்கு ஏதோ சகுனம் மாதிரிப் பட்டுது. அன்னிக்குச் சோறே எறங்கல. மறுபடி ஒண்ணு வரவழைச்சேன்.

இந்தாங்க, இந்த வெரலுல தழும்பு பாருங்க. பத்த வெக்கற கோலு பட்டது. எனக்குத் தெரியவே இல்ல. கருகற வாசம் வந்துதான் குனிஞ்சு பாக்கறன், வெரலு மேல கோலு உக்காந்திருக்குது. எங்கூட்டுக்காரரு பதறிப் போயிக் கோல எடுத்து எறிஞ்சுட்டாரு. "வலிக்கலயா புள்ள?"ங்கறாரு. வலிக்கலீங்க. சமையல்கட்டுல கெடந்து காஞ்ச கையி, சூடு தாங்கும்னேன். அவரு சிரிக்கல.

மூணு மாசத்துல முடிச்சுட்டேன். ஆபீசுக்குக் கொண்டு போனதும் ரைட்டரு, "என்ன தவமணி, கீபோர்ட ரெண்டா ஒடைச்சுட்டே?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் நான் அடிக்கறதப் பாக்க எந்திரிச்சு வந்து சுத்தி நின்னாங்க. கையி பறந்துச்சுங்கக்கா. பத்து நாளு, என்ற கலியாணத்துக்குக் கூட நான் அத்தன சந்தோசமா இருந்ததில்ல. அந்தப் பத்து நாளுலதான் உங்க பத்திரம்.

எங்க ஆபீசுல ஒரு பழக்கமிருக்குதுங்க, ஒப்புப் பாக்கறதுன்னு. அடிச்சவ ஒருத்தி, வாசிக்கறவ வேறொருத்தி. அவ பழைய தாய்ப்பத்திரத்தப் பாத்து வாசிப்பா, நாம புதுசுல பாத்துட்டே வரோணும். அடிச்சவளே வாசிக்கக் கூடாதும்பாரு ரைட்டரு. "எழுதுனவன் தாளுல இருக்கறத வாசிக்க மாட்டான், மண்டையில இருக்கறத வாசிப்பான்"னு அவரு தெனமும் சொல்ற பாட்டு. அன்னிக்கு சுகந்தி வந்து நின்னா, "அக்கா, ஒப்புப் பாக்கலாமா?"ன்னு. நீங்க அவசரப்பட்டுட்டு இருந்தீங்க, நல்ல நேரம் போவுதுன்னு. அதுவுமில்லாம அவ மூஞ்சியில முழிக்கவே எனக்குப் புடிக்கல. நானே பாத்துட்டேன் போ புள்ளன்னு அனுப்பிட்டேன். நானே வாசிச்சேன். அம்பத்தெட்டுன்னுதானுங்க வாசிச்சேன். எனக்கு அம்பத்தெட்டுன்னுதான் தெரிஞ்சுது. ஆன்லைன்ல ஏத்தும்போதும் அதையே காப்பி பண்ணி ஏத்திட்டேன்.

பத்து நாளு முன்னாடி வேறொரு பத்திரத்துக்கு உங்க பத்திரத்தோட ஆபீஸ் காப்பிய எடுத்துப் பாத்தேன். அப்பத்தான் கண்ணுல பட்டுது. அப்பிடியே பைல மூடி அது மேல உக்காந்துக்கிட்டேன். நெசமாவே அது மேல உக்காந்துக்கிட்டேன், ரைட்டரு போற வரைக்கும்.

அன்னீலிருந்து நான் மனுசியா இல்லக்கா. போன் அடிச்சா எடுக்கறதில்ல. யாராவது கக்கத்துல பத்திரத்த வெச்சுட்டுப் படியேறுனா, என்ற தப்பத்தான் தூக்கிட்டு வராங்கன்னு தோணுது. பஸ்ஸுல ஒருத்தரு என்னைய உத்துப் பாத்தாரு, நான் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், எனக்குத் தெரியும், தெரிஞ்சு என்ன பண்ண? இந்தக் கீபோர்டு வந்ததுக்கப்பறம் அடிச்ச பத்திரம் எத்தனையோ இருக்குது. அதுல எத்தன எட்டு, எத்தன அஞ்சு சேந்து விழுந்திருக்குதோ. அந்தக் காப்பியெல்லாம் இருக்கற பீரோ சாவி சுகந்திகிட்ட. கேட்டா ஏன்னு கேப்பா.

ஊட்டுல வந்து கீபோர்டப் பிரிச்சுப் போட்டேன். பட்டன் ஒருக்கா அமுக்குனா உள்ள இருக்கற தகடு ரெண்டு தடவ துள்ளும், போர்டு அத ரெண்டு எட்டுன்னு எடுத்துக்கும். எல்லா வீடியோலயும் சொல்றாங்க, இது நடக்கறதுதான். எட்டாம் நம்பர் பட்டனப் புடுங்கிட்டுப் புதுசு வெச்சேன். துள்ளறதக் கணக்குல எடுத்துக்காதேன்னு போர்டுலயும் எழுதி ஏத்துனேன். அப்பறம் எங்கூட்டுக்காரர உக்காத்தி வெச்சு, எட்ட நூறு தடவ அமுக்குங்கன்னேன். அமுக்குனாரு. நூறு எட்டு விழுந்துச்சு. நான் அமுக்குனேன். நூத்திப் பதினொண்ணு.

நான் சிரிச்சுட்டேன். கீபோர்டுக்குக் கூட ஆளு தெரியுது பாருங்கன்னேன். அவரு மோட்டார்க்காரரு, டொக்கு டொக்குன்னு குத்துவாரு. நமக்குப் பூத்தாப்பல தொட்டு அடிச்சுப் பழக்கம். அதனால அப்பிடி. அவரு என்ற கையவே பாத்துட்டிருந்தாரு. "டாக்டருகிட்டப் போலாம், வா புள்ள"ன்னாரு. அன்னிக்கு எங்குளுக்குள்ள நடந்த சண்டையில பக்கத்தூட்டுக்காரி எட்டிப் பாத்துட்டா. ஒரு பட்டன் சரியில்லைங்கறதுக்கு டாக்டருகிட்டப் போறவங்கள எங்காவது பாத்திருக்கீங்களா? கை தட்டி டம்ளரு கீழ விழுந்தாலும் டாக்டரு, ரவிக்கைக் கொக்கி மாட்ட நேரமானாலும் டாக்டரு. என்னைய ஊட்டுல உக்கார வெக்கறதுன்னே முடிவு பண்ணீட்டாரு அந்த மனுசன்.

பொறவு, துள்ளறத விட்டுத் தள்ளற நேரத்த இன்னும் கொஞ்சம் ஏத்தி எழுதுனேன். நூத்தியாறுக்கு வந்துச்சு. அப்பறம் நான் எண்ணல.

நீங்க ஏன் இப்பிடிப் பாக்கறீங்க? பயப்படாதீங்கக்கா, இந்தத் திருத்தல் பத்திரத்த நான் அதுல அடிக்கல. என்னைய அத்தன கூறு கெட்டவன்னா நெனச்சீங்க? அதத் துணியில சுத்தி ஊட்டுல வெச்சுட்டேன். நேத்து மத்தியானம் சுகந்தி சாப்படப் போயிருந்தா. அவ சீட்டுல உக்காந்து அவ கீபோர்டுலதான் அடிச்சேன். கம்பெனிச் சரக்கு, அஞ்சு மாசங்கூட ஆகல. ஒரு பக்கந்தான். அவ வரதுக்குள்ள முடிக்கோணும்னு வாசல் மேல ஒரு கண்ண வெச்சுட்டே அடிச்சேன். முடிச்சு, தாள உருவி, ஒம்போது தடவ வாசிச்சேன். ஒம்போது தடவ. வாய் விட்டு.

ஒம்போதாவது தடவ பாதியில வந்துட்டா அவ. வாசப்படியிலயே நின்னுட்டா. நான் முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறேன், தாள முந்தானைக்குள்ள விட்டுட்டு. "அக்கா, என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம். யாருக்குஞ் சொல்ல மாட்டேன். நான் ஒருக்கா ஒப்புப் பாத்துத் தரட்டுமா?"ன்னு மட்டுங் கேட்டா. கண்ணுல தண்ணி நிக்குது அவளுக்கு. என்ன நடிப்புங்கறீங்க! வேண்டாம் தாயின்னு வந்துட்டேன்.

சரி, வாசிக்கறனுங்க, நீங்க கேட்டுக்குங்க. கண்ணாடி எதுக்கு, நாந்தான் வாசிக்கறன்ல. "மேற்படி கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண் ஐநூற்றி எண்பத்தெட்டு என்று தவறுதலாகக் கண்டுவிட்டபடியால், அதனைச் சர்வே எண் ஐம்பத்தெட்டு என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது." அவ்வளவுதான். ஒரு வரி. இதுக்குத்தான் பத்து நாளா நான் சோறு தண்ணியில்லாமக் கெடக்கறன். இங்க கீழ ஒரு கையெழுத்து, பின்னால ஒண்ணு.

குடுக்கறனே. தாராளமாப் பாருங்க. உங்க பூமி, நீங்க பாக்காம யாரு பாப்பாங்க? கண்ணாடி போட்டே பாருங்க.

என்னங்கக்கா?

ஏன் மறுபடி மேல இருந்து பாக்கறீங்க? வரி ஒண்ணுதான இருக்குது.

எங்க? வெரல வெச்சுக் காட்டுங்க. அது ஐநூத்தி எம்பத்தெட்டு, அது சரிதானுங்க, அது பழைய தப்பு, அது அப்பிடித்தான் இருக்கோணும். அடுத்ததப் பாருங்க. அடுத்தது...

இல்லீங்க. இருக்காது. குடுங்க இப்பிடி.

ஐநூத்தி எம்பத்தெட்டத் திருத்தி ஐநூத்தி எம்பத்தெட்டுன்னு வாசிக்கோணுமாமா.

அக்கா, இது சுகந்தி கீபோர்டுங்க. இதுல நான் ஒயரு இழுக்கல, ஈயம் வெக்கல, ஒண்ணுந் தொடல. அவ தெனமும் இதுலதான் அடிக்கறா. அவ அடிச்சா ஒண்ணு ஒண்ணாத்தான் விழுகுது. எங்கூட்டுக்காரரு அமுக்குனாலும் ஒண்ணு ஒண்ணாத்தான் விழுந்துச்சு. அந்தப் பட்டன் நல்ல பட்டனுங்க, புதுசு, நானே மாட்டுனேன். ரெண்டு கீபோர்டும் நல்லாத்தான் இருக்குது.

அப்ப எதுங்கக்கா நல்லா இல்ல?

வெரலு எந்திரிக்கறதில்லையாட்டம் இருக்குதுங்க. நான் அமுக்கீட்டு எடுத்துட்டேன்னு நெனச்சுக்கறன், அது பட்டன் மேலயே உக்காந்துட்டு ரெண்டாவது எட்டையும் விழுக வெக்குது போல. எனக்குத் தெரியறதில்ல. அய்யோ, பத்தொம்பது வருசம் இந்தக் கைய வெச்சுத்தானுங்க சோறு தின்னேன். எனக்கு வேறொண்ணுந் தெரியாதுங்க. பயமா இருக்குதுங்கக்கா. கீபோர்டுன்னா பிரிச்சுப் போட்டுப் பாப்பேன், பட்டன மாத்துவேன். இத என்ன பண்ணுவேன்?

நீங்க ஏதாவது சொல்லுங்களேன். திட்டுங்க. ரைட்டருக்குப் போன் போடறதுன்னாலும் போடுங்க. ஏன் கீழ குனிஞ்சு பாத்துட்டு இருக்கீங்க?

என்ற வெரலயா புடிச்சிருக்கீங்க?

எப்பங்கக்கா புடிச்சீங்க?